இன்னும் பிறக்காத டப்பாக்கள்

மார்ச் 3, செவ்வாய்

மேம்பாட்டுக் குழுவின் நான்காவது கூட்டம். முதல் மூன்று கூட்டங்களில் எதுவும் மேம்படவில்லை என்பதால் இந்த முறை பிஸ்கெட்டை மேம்படுத்தியிருந்தார்கள். முந்திரி வைத்தது.

தீர்மானங்கள்: நோயாளி என்ற சொல்லை இனி யாரும் வாயில் எடுக்கக் கூடாது, 'விருந்தினர்' என்றே சொல்ல வேண்டும். பரிசோதனைக் கூடம் இனி 'நலமறி மையம்'. காத்திருக்கும் கூடத்தின் சுவருக்கு நம்பிக்கை தரும் பச்சை. எந்தப் பச்சை நம்பிக்கை தரும் என்பதில் பாதிக் கூட்டம் போயிற்று. உடம்பிலிருந்து எடுத்த துண்டுகளைப் பார்த்து இன்ன நோய் என்று எழுதும் துறையின் தலைவன் என்ற முறையில் என் கருத்தையும் இயக்குநர் கேட்டார். விருந்தினரை ஊசியால் குத்திச் சதை எடுக்கிற வீட்டுக்கு நான் விருந்துக்குப் போக மாட்டேன் என்றேன். "டாக்டர் எப்பவும் தமாஷ்தான்" என்று எல்லோரும் சிரித்தார்கள். என் எதிர்ப்பு இங்கே எப்போதும் பொழுதுபோக்கு வகையில்தான் சேர்க்கப்படுகிறது.

பிறகு தர மேலாளர் எழுந்தார். அவருக்கு நான் வைத்த பெயர் மூணுநாள். வாசலில் 'மூன்று நாளில் முடிவு' என்று ஆளுயரப் பலகை வைத்தவர் அவர். ஜனவரி முதல் எல்லா முடிவுகளும் மூன்று நாளுக்குள் போய்விட்டனவாம். போன வருஷம் ஒரு வாரம் ஆகும். புது இயந்திரம் வரவில்லை. புது ஆளும் வரவில்லை. இருந்த டெக்னீஷியன்களில் இருவர் வேலையை விட்டுவிட்டார்கள். எப்படி ஐயா என்றால் "கலாச்சார மாற்றம் டாக்டர்" என்கிறார்.

எங்கேயோ கணக்கில் கை வைத்திருக்கிறார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஒரு துணைக்குழு போடுவார்கள், என்னையே தலைவராக்குவார்கள்.

மார்ச் 5, வியாழன்

தங்கை போன் செய்தாள். "ஒண்ணுமில்லைண்ணா" என்று ஆரம்பித்தாள். அவள் அப்படி ஆரம்பித்தால் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

இடது மார்பில் கட்டி. எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளா."

"கொஞ்சம்னா?"

"என்னண்ணா, போலீஸ்காரன் மாதிரி கேக்குற? லைசென்ஸ் எடுத்துக் காட்டவா?"

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். உலகத்தையே தன் பக்கத்து இருக்கையில் தப்புத் தப்பாகக் கியர் போட்டுக்கொண்டிருக்கும் மாணவனாகத்தான் பார்ப்பாள். எங்கள் மருத்துவமனைக்கே போகச் சொன்னேன். ஊசி வைத்துத் துண்டு எடுப்பார்கள், அது என் துறைக்கு வரும்.

"உன் பேரைச் சொல்லவா?"

"சொல்லாதே. எல்லாரையும் போல வரிசையில நில்லு."

"தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொன்னா உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு."

"அதை ஊத்தினா வண்டி ஓடுமா?"

மார்ச் 6, வெள்ளி

பச்சை அடித்துவிட்டார்கள். பாசி பிடித்த தொட்டிக்குள் விருந்தினர்கள் வரிசையாக உட்கார்ந்து மூச்சு விடுகிறார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

தங்கைக்குத் துண்டு எடுத்தாயிற்று. "ஸ்டாப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம்ணா. ஒவ்வொரு தடவையும் என்னை எதோடயோ சேர்த்துத் தைக்கிறாங்கன்னு நினைச்சேன்" என்றாள். வெள்ளிக்கிழமை முடிவு வந்துவிடும் என்றும் அவளே எனக்குத் தகவல் தந்தாள். "மூணு நாளாமே. பெருசா பலகை வச்சிருக்கீங்களே."

சொந்தக்காரர்களின் துண்டை நாமே பார்ப்பது முறையல்ல. ஜூனியரைக் கூப்பிட்டு, இந்தப் பெயரில் வந்தால் நீயே பார், என்னிடம் அனுப்பாதே என்றேன். "சூப்பர் சார்" என்றாள். எதைச் சொன்னாலும் அதுதான். போன வருஷம் என் மாமனார் காலமானதைச் சொன்னபோதுகூட "சூப்" வரைக்கும் வந்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து என் மனதில் அவள் பெயர் சூப்பர். படித்த பிள்ளை. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எப்படிப் பரீட்சை எழுதினாள் என்று தெரியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

தங்கையின் துண்டு வந்ததா என்று சூப்பரைக் கேட்டேன். இல்லை என்றாள். நானே கணினியில் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே: மாதிரி பெறப்படவில்லை.

பெறப்படவில்லை. அப்படியென்றால் கொடுக்கப்படவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

மார்ச் 16, திங்கள்

மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"என்னண்ணா உங்க மூணு நாள்? உங்க காலண்டர்ல ஞாயிறு திங்களெல்லாம் கிடையாதா?"

"நீ குடுத்தாத்தானே முடிவு வரும்?"

"என்னது?"

"ஸ்கிரீன்ல இல்லை. உன் பேர்ல ஒண்ணுமே வரலை. போகலைன்னா போகலைன்னு சொல்லு. பயமா இருந்துச்சுன்னு சொல்லு, நான் கோபப்பட மாட்டேன். அதுக்கு எதுக்கு ஸ்டாப்ளர் கதையெல்லாம்?"

அவள் பக்கம் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ "மேடம், இப்ப கிளட்ச்சை விடவா?" என்றார்கள். "விடாதீங்க" என்றாள் அவரிடம். என்னிடம்:

"நான் பொய் சொல்றேன்ங்கிற."

"நான் சொல்லலை. ஸ்கிரீன் சொல்லுது."

"அப்ப ஸ்கிரீன்கிட்டயே பேசிக்கோ."

வைத்துவிட்டாள்.

நான் என்ன தப்பாகச் சொன்னேன்? பள்ளிக்கூட நாளில் கண் டாக்டர் கொடுத்த கண்ணாடியை நான் வரும்போது மட்டும் மாட்டிக்கொண்டவள். பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தேன் என்று வாயைப் பிடித்துக்கொண்டு சினிமாவுக்குப் போய் வந்தவள். எனக்கு ஞாபக சக்தி அதிகம். அது ஒன்றும் குற்றமில்லையே?

மார்ச் 17, செவ்வாய்

தங்கையின் கணவர் பேசினார். சாதுவான மனிதர், அவள் சொல்லி அனுப்பியதை ஒரு எழுத்துக் குறையாமல் ஒப்பிப்பவர்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. குத்தின இடம் கன்னிப்போய் நீலமா இருக்கு. போட்டோ எடுத்து அனுப்பவான்னு கேக்கச் சொன்னா. இல்லை, அதுவும் ஸ்கிரீன்ல வந்தாத்தான் நம்புவீங்களான்னு கேக்கச் சொன்னா."

"வேண்டாம் மாப்பிள்ளை."

"ரெண்டும் வேண்டாமா?"

ரெண்டும் வேண்டாம்.

அப்படியானால் டப்பா எங்கே?

மார்ச் 18, புதன்

மாதிரிகளை வாங்கும் கவுன்டருக்குப் போன் போட்டேன். "சிஸ்டத்துல இல்லீங்க டாக்டர்." சிஸ்டத்தில் இல்லை என்பது எனக்கும் தெரியும். உலகத்தில் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். "சிஸ்டத்துல இல்லைன்னா இல்லீங்க டாக்டர்." இரண்டு நாள் முன்பு நானே பேசியதை இன்னொருவர் குரலில் கேட்பது நன்றாக இல்லை.

மார்ச் 19, வியாழன்

காலையில் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர், போன வாரம் தான் வெட்டியெடுத்த பித்தப்பை எங்கே போனது என்று என் அறையில் வந்து கத்தினார். வரவில்லை என்றேன். "நானா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்?" என்றார். அப்படி எடுத்துப் போகக்கூடியவர்தான் என்றாலும் அதைச் சொல்லாமல், இருவருமாகக் கவுன்டருக்கு இறங்கிப் போனோம்.

கவுன்டர் மேற்பார்வையாளர் அம்மா பதறவே இல்லை. "இதுக்கா இத்தனை சத்தம்? இங்கதான் சார் இருக்கு. இன்னும் பிறக்கல, அவ்வளவுதான்." மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை இழுத்தார். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால். சதை அழுகாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிய டப்பாக்கள், எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் துண்டு.

பிறக்கல என்றால்? பொறுமையாக விளக்கினார். டப்பாவைக் கணினியில் பதிந்ததும் மூன்று நாள் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். மேலே லேபில் ஆள் இல்லை. பதிந்தால் நாள் தாண்டும், வரைபடத்தில் சிவப்பு விழும். ஆகவே மேலே இடம் காலியாகும்போது மட்டும் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். அதுவரை அவை பிறக்காதவை. "நல்ல நேரம் பாத்துப் பிறக்க வைக்கிறோம் டாக்டர். ஜனவரியிலேர்ந்து ஒரு சிவப்புகூட இல்லை." உண்மையான பெருமையோடு சொன்னார்.

இரண்டாவது தட்டின் மூலையில் என் தங்கையின் பெயர். பத்தாம் தேதி போட்டது. எடுத்துப் பார்த்தேன். மெல்லிய நூல் துண்டுகள் போல நாலைந்து, அடியில் சுருண்டு கிடந்தன.

நேரே மூணுநாளிடம் போனேன். அவர் திருடன் இல்லை, அதுதான் பயங்கரம். "பதிவுக்கு அப்புறம்தான் டாக்டர் அது மாதிரி."

"பதிவுக்கு முன்னாடி?"

"முன்பதிவு நிலையில் உள்ள பொருள்."

"அது என் தங்கச்சிய்யா!"

கொஞ்சம் யோசித்தார். "உங்க சிஸ்டர்னு சொல்லியிருந்தா அன்னைக்கே பதிஞ்சிருப்பாங்களே டாக்டர்." பிறகு, குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லாமல்: "இந்த ஏற்பாட்டை ரெண்டாவது கூட்டத்துல விளக்கினேனே. நீங்க அப்ப என் பலகையைப் பத்தித் தமாஷ் பண்ணிட்டிருந்தீங்க. எல்லாரும் நல்லா சிரிச்சோம்."

பித்தப்பைக்காரர், தன் பித்தப்பை கிடைத்த வெற்றியோடு அப்போதே போய்விட்டார்.

மார்ச் 20, வெள்ளி

சூப்பர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"புற்றுதான் சார்."

எத்தனை பேரின் முடிவில் இந்தச் சொல்லை எழுதியிருப்பேன். எழுதிவிட்டு டீ குடிக்கப் போவேன்.

அடுத்த பிரச்சினையையும் அவளே சொன்னாள். இந்தக் கட்டி ஹார்மோனைத் தின்று வளரும் வகையா என்று ஒரு சாயச் சோதனை செய்ய வேண்டும். ஆம் என்றால் மாத்திரையால் அதன் சோற்றை நிறுத்தலாம். ஆனால் இத்தனை நாள் ஃபார்மலினில் ஊறிய துண்டு அந்தச் சாயத்தைச் சரியாக வாங்காது. இருப்பதைக்கூட இல்லை என்று காட்டலாம். "இருந்தாலும் போட்டுப் பாக்குறேன் சார்."

மார்ச் 21, சனி

போட்டுப் பார்த்தாள். வெள்ளை. சாயம் ஏறியே தீர வேண்டிய நல்ல செல்களிலும் வெள்ளை. இந்தத் துண்டை நம்ப முடியாது. புதிதாக எடுக்க வேண்டும்.

"நான் அவங்ககிட்ட பேசவா சார், இல்லை நீங்களா?"

மார்ச் 22, ஞாயிறு

தங்கை வீட்டு வாசலில் பயிற்சி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள். "ஏறு" என்றாள். வண்டியில் ஓட்டுபவர் பக்கம் ஒரு பிரேக், அவள் பக்கம் ஒரு பிரேக். என்னைக் கற்றுக்கொள்பவர் பக்கம் உட்காரவைத்தாள். வண்டி நகரவில்லை. பேசுவதற்கு அவளுக்கு வேறு இடம் கிடையாது.

"சொல்லு. ஸ்கிரீன்ல வந்துடுச்சா?"

சொன்னேன். முதலில் நோயை, பிறகு தட்டை, பிறகு மறுபடி குத்த வேண்டும் என்பதை. நோயைக் கேட்டபோது கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி குத்த வேண்டும் என்றபோதுதான் திரும்பினாள்.

"முடியாது."

"அம்மாடி—"

"அம்மாடியெல்லாம் சொல்லாதே. ஒம்பது நாள் மேசைக்கு அடியில போட்டு வச்சீங்க. காலால தள்ளித் தள்ளி வச்சிருப்பீங்க. கேட்டா நான் பொய் சொல்றேன்னு சொன்ன. இப்ப உங்க ஆளுங்க ஊறுகாய் போட்டுக் கெடுத்துட்டாங்கன்னு நான் திரும்ப வந்து சட்டையைக் கழட்டணுமா?"

"வேற ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகலாம்."

"அங்க மட்டும் மேசை இல்லையா?"

இருக்கிறது. எல்லா இடத்திலும் மேசை இருக்கிறது.

"குத்தலைன்னா என்ன ஆகும்?"

"வைத்தியம் பண்ணலாம். ஆனா குருட்டாம்போக்குல பண்ணணும். உனக்கு மாத்திரை கேக்குமா கேக்காதான்னு தெரியாது."

நான் எதையாவது செய்ய வேண்டுமே என்று கியர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "அதை விடு, நியூட்ரல்ல இருக்கு" என்றாள்.

"நீ என்னைத் திட்டினப்ப ஒண்ணு நினைச்சேன்ணா. ஒருவேளை நான் நிஜமாவே போகலையோன்னு. நீ அவ்வளவு உறுதியா சொன்ன. உள்ள போய் நீலத்தைப் பாத்துட்டு வந்தேன்."

மன்னிப்பு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மொழிகளில் எல்லாம் பொருள் தெரியும். மறுபடி கியர்க் கம்பியைத்தான் பிடித்தேன்.

"வரேன்" என்றாள் கடைசியில். "ஆனா டப்பா என் கையில இருக்கும். யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

மார்ச் 24, செவ்வாய்

குத்தி முடித்ததும் நர்ஸ் டப்பாவைத் தட்டில் வைக்கப் போனாராம். தங்கை கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, டப்பாவை மற்றொரு கையில் பிடித்துக்கொண்டு பச்சைக் கூடத்தின் நடுவே நடந்து போனாள். மாப்பிள்ளை கைப்பையோடு பின்னால். நான் அவருக்கும் பின்னால்.

கவுன்டரில் மேற்பார்வையாளர் அம்மா சிரித்தபடி கையை நீட்டினார். "குடுங்கம்மா, நாங்க பாத்துக்குறோம்."

"நானும் பாத்துக்குறேன். பதிங்க."

"பதிஞ்சிடுவோம். நீங்க போய் உக்காருங்க."

"நின்னுதான் பழக்கம். பதிங்க."

"அதெல்லாம் வழக்கமில்லைம்மா."

"மேசைக்கு அடியில வைக்கிறது வழக்கமா?" குரலை உயர்த்தவில்லை. நாள் முழுக்க இரைச்சலுக்கு மேல் பேசுகிறவளின் சாதாரணக் குரல் அது. கூடத்தின் கடைசி நாற்காலிவரை போயிற்று. "போன தடவை குடுத்துட்டுப் போனேன். ஒம்பது நாள் கீழ கிடந்துச்சு. கெட்டும் போச்சு. மூணாவது தடவை குத்த என்கிட்ட இடமில்லை."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். துறைத் தலைவன், ஏதாவது சொல்வான் என்று. பதியுங்கள் என்றேன். பதிந்தார். சீட்டு அச்சாகி வந்து டப்பாவில் ஒட்டியதைத் தங்கை படித்துப் பார்த்த பிறகே கையை எடுத்தாள்.

அவளுக்கு அடுத்து நின்ற பெரியவர் தன் டப்பாவைக் கவுன்டரில் வைத்தார். நகரவில்லை. "எனக்கும் அதே மாதிரி" என்றார், ஹோட்டலில் பக்கத்து மேசையைக் காட்டிச் சொல்வது போல.

மார்ச் 27, வெள்ளி

சாயம் ஏறியிருக்கிறது. நல்ல பழுப்பு. மாத்திரைக்கு வழி உண்டு. ஆனால் அக்குளில் ஒரு நிணநீர் முடிச்சிலும் நோய் இருப்பது ஸ்கேனில் தெரிந்ததால் முதலில் கீமோ என்கிற ஊசி மருந்து, பிறகு அறுவை, அப்புறம்தான் வருஷக்கணக்கில் மாத்திரை. தாமதத்தினால் அந்த முடிச்சுக்குப் பரவியதா? சூப்பரைக் கேட்டேன். "இந்த ரெண்டு வாரத்துலயா சார்? இருக்காது" என்றாள். நானும் பிறருக்கு இப்படித்தான் சொல்வேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மேம்பாட்டுக் குழுவின் அவசரக் கூட்டம். பிஸ்கெட் இல்லை, நிலைமை மோசம்தான்.

விருந்தினர்கள் நகர மறுக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர், பதிந்து சீட்டு ஒட்டும்வரை கவுன்டரிலேயே நிற்கிறார்கள். வரிசை வாசலைத் தாண்டிப் பலகைவரை போகிறது. எல்லாம் அன்றன்றே பிறந்துவிடுவதால் வரைபடத்தில் ஒரே சிவப்பு. "யாரோ ஒரு லேடி கிளப்பிவிட்டது" என்றார் மூணுநாள், என்னைப் பார்க்காமல்.

பலகையில் 'எட்டு நாளில் முடிவு' என்று உண்மையை எழுதிவிடலாமே என்றேன். யாரும் சிரிக்கவில்லை. முதல் முறையாக என் பேச்சைக் கருத்து என்று எடுத்துக்கொண்டார்கள், எடுத்துக்கொண்டு நிராகரித்தார்கள்.

இயக்குநர் ஜன்னல் வழியாக வரிசையை எட்டிப் பார்த்தார். தேக்கம் மேசைக்கு அடியில் இருந்தவரை அவருக்குத் தெரியாது. இப்போது அது கால் மாற்றி நிற்கிறது, இருமுகிறது, நன்கொடை தர வந்தவர்களின் கண்ணில் படுகிறது. லேபுக்கு நான்கு டெக்னீஷியன்களை எடுக்க ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷமாக நான் எழுதிக் கேட்டது.

ஏப்ரல் 8, புதன்

தங்கைக்கு முதல் ஊசி மருந்து. கூட இருந்தேன். "கியரை விடு" என்றாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இயக்குநர் ஏதோ மாநாட்டில் 'கண்முன் பதிவு: விருந்தினர் பங்கேற்பில் ஒரு புதுமை' என்று பேசிவிட்டு வந்திருக்கிறார். இந்த எண்ணம் தமக்கு ஒரு நாள் நடைப்பயிற்சியில் உதித்ததாம். பரிசாகக் கண்ணாடியில் செய்த ஒரு முக்கோணம். மூணுநாளுக்குப் பதவி உயர்வு. சூப்பர் "சூப்பர்" என்றாள். அந்தச் சொல்லுக்கு இத்தனை பொருள் உண்டு என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இதில் இருந்தது முழுக்க விஷம். இந்தப் பெண்ணை நான் சரியாகப் படிக்கவில்லை.

மே 19, செவ்வாய்

நாளைக்கு மூன்றாவது ஊசி. அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, சாதாரணச் சட்டையில் தங்கையை அழைத்துப் போனேன். முடி போய்விட்டது, மாணவர்கள் பயப்படுவார்கள் என்று தொப்பி போட்டுக்கொள்கிறாள். ரத்தம் எடுத்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, குழாயை நான் வாங்கிக்கொண்டு கவுன்டர் வரிசைக்குப் போனேன். அங்கே எல்லாரும் புது ஆட்கள்; யாருக்கும் என்னைத் தெரியவில்லை.

எனக்கு முன்னால் நின்ற அம்மா, கையில் சிறுநீர் டப்பாவோடு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுசா?"

பதில் சொல்வதற்குள் அவரே முடிவு செய்துகொண்டார்.

"குடுத்துட்டுப் போயிடாதீங்க. டைப் அடிச்சு, சீட்டு ஒட்டுறதைக் கண்ணால பாத்துட்டுத்தான் நகரணும். பேர் சரியா இருக்கான்னு படிங்க. இங்க வேலை பாக்குறவங்க யாரையும் நம்பக் கூடாது."

"டாக்டருங்களையுமா?"

"முதல்ல அவங்களைத்தான். யாருக்காக வந்திருக்கீங்க?"

"தங்கச்சிக்கு."

"அப்ப நில்லுங்க."

வரிசை நீளம். நின்றேன்.